புது போனும் ஒரு டம்ளர் மண்ணும்!

கடைசி பெஞ்ச் டைரி

போன வாரம் ‘அரியரோடு சந்தோஷமா வாழ்வது எப்படி?’னு நான் எழுதின மேட்டரைப் படிச்சுட்டு, எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு சார் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, ‘நல்லா எழுதறம்மா... அதே பேனாவால கொஞ்சம் பரீட்சையும் எழுது’னு வாழ்த்தினார். ரொம்ப நன்றி சார்!

இந்த வாரம் அதைவிட முக்கியமான விஷயம். சரித்திர சம்பவம்னே சொல்லலாம். நான் புது ஸ்மார்ட்போன் வாங்கிட்டேன்! ஆமா மக்களே, டிஸ்ப்ளேல விரிசல் விழுந்து, பேட்டரி உப்பி, கால் பேசும்போதே தூங்கிப் போற அந்தப் பழைய போனுக்கு விடுதலை கொடுத்தாச்சு. ‘வாங்கி ஒரு வாரம் ஆச்சே, எப்படி இருக்குனு எழுதேன்’னு எடிட்டர் சொன்னார். பிராண்ட் பேர் மட்டும் எழுத மாட்டேன். எழுதினா அவங்க எனக்குக் காசு கொடுத்தாங்கனு நீங்க நினைப்பீங்க. கொடுக்கலைங்கிற சோகம் எனக்குத்தானே தெரியும்!

பட்ஜெட் படலம்

விலை 14,999 ரூபாய். பத்தாவது படிக்கிற ரெண்டு வாண்டுங்களுக்கு சாயந்தரம் மேத்ஸ் டியூஷன் எடுக்கறேன். தலைக்கு மாசம் 600. பத்து மாசம் பானிபூரி, ஐஸ்கிரீம், ஃப்ரெண்டோட பர்த்டே டிரீட் எல்லாத்துக்கும் ‘நோ’ சொல்லி 12,000 சேர்த்தேன். மீதி 3,000 அப்பா கொடுத்தார். கேட்ட உடனே பீரோவைத் திறந்து, நியூஸ் பேப்பர்ல மடிச்சு வெச்சிருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். எதுக்காக மடிச்சு வெச்சிருந்தார்னு நான் கேட்கலை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜார்ல ஒரு கடை. பில்லைப் பார்த்ததும்தான் முதல் ஷாக். 14,999-ல ஜி.எஸ்.டி. மட்டும் 2,288 ரூபாய்! 2020 ஏப்ரல்ல போனுக்கான ஜி.எஸ்.டி.யை 12 சதவிகிதத்துலேர்ந்து 18 ஆக்கினாங்க. அதாவது, என் டியூஷன் சம்பளத்துல கிட்டத்தட்ட ரெண்டு மாசம் வரிக்கே போச்சு. பானிபூரி கடைக்காரர் மன்னிப்பாராக.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பாக்ஸைப் பிரிக்க விடலை. ‘முதல்ல வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குக் கொண்டுபோயிட்டு வா’ன்னாங்க. ‘அம்மா, இது டிராக்டர் இல்லைம்மா’ன்னேன். கடைசில சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு, மூலையில சின்னதா ஒரு குங்குமப் பொட்டு. கேமரா லென்ஸ் மேல வைக்கப் போனதை நான்தான் பாய்ஞ்சு தடுத்தேன்.

மார்க் ஷீட்

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு வாரம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது இது.

டிஸ்ப்ளே: 120 ஹெர்ட்ஸ். அதாவது, திரையில படம் ஒரு செகண்டுக்கு 120 தடவை மாறும். பழைய போன்ல 60. நான் விரலால தள்ளினா வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது. செம! ஆனா, ரெண்டே நாள்ல கண்ணு பழகிடுச்சு. மூணாவது நாள் எனக்கு வித்தியாசமே தெரியலை. பழைய போனைத் தொட்டாதான் ‘அடச்சே!’னு இருக்கு.

கேமரா: பாக்ஸ் மேல கொட்டை எழுத்துல ‘50 மெகா பிக்ஸல்’. எடுக்கற படம் என்னவோ 12.5 மெகா பிக்ஸல்தான். ஏமாத்து வேலை இல்லை மக்களே. பக்கத்துப் பக்கத்துல இருக்கற நாலு குட்டிப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு பெரிய புள்ளியா ஆக்கிடுது. அப்போதான் வெளிச்சம் கம்மியான இடத்துலயும் படம் தெளிவா வரும். முழு 50-ம் வேணும்னா செட்டிங்ல தனியா மாத்தணும். பின்னாடி ரெண்டாவதா இருக்கற 2 மெகா பிக்ஸல் கேமரா... கல்யாண வீட்டு வாசல்ல கட்டற வாழை மரம் மாதிரி. அழகுக்கு!

மெமரி: 128 ஜி.பி.னு வாங்கினேன். ஆன் பண்ண உடனே பார்த்தா இருபது ஜி.பி.க்கு மேல ஏற்கெனவே யாரோ குடியிருக்காங்க. வாடகை கொடுக்காத ஆப்கள் வேற. நான் கேட்காத கேம் மூணு, ஷாப்பிங் ஆப் ரெண்டு. முதல் அரை மணி நேரம் அவங்களைக் காலி பண்ண வைக்கறதுலயே போச்சு.

தூசி: நெய்வேலிக்காரிக்கு இது முக்கியம். காயப்போட்ட துணியை எடுத்து உதறினா என்ன வரும்னு எங்க ஏரியாக்காரங்களைக் கேளுங்க. இந்த போன் ஐ.பி.54. முதல் நம்பர் 5-ன்னா, தூசி கொஞ்சம் உள்ளே போனாலும் வேலையைக் கெடுக்காது. ரெண்டாவது நம்பர் 4-ன்னா, தண்ணி தெளிச்சா தாங்கும். முக்கினா தாங்காது. ‘வாட்டர் ப்ரூஃப்டி’னு சொல்லி பக்கெட்ல போட வந்த என் பெஞ்ச்மேட்டுக்கு இதை விளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

ட்ரிபிள் ஈ புத்தி

அடுத்தது பேட்டரி. 5,000 மில்லி ஆம்பியர் ஹவர். காலையில காலேஜ் பஸ் ஏறினா ராத்திரி பத்து மணி வரைக்கும் தாங்குது. சூப்பர். இதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா படிக்கறது ட்ரிபிள் ஈ, இருக்கறது நெய்வேலி. சும்மா விடுமா புத்தி? ‘இந்த போனை ஒரு தடவை ஃபுல் சார்ஜ் பண்ண எவ்வளவு நிலக்கரி எரியும்?’னு பஸ்ல உட்கார்ந்து ரஃப் நோட்டுல கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே வாங்க, ஈஸிதான்.

5 ஆம்பியர் ஹவரை பேட்டரியோட 3.85 வோல்ட்டால பெருக்கினா, கிட்டத்தட்ட 19 வாட் ஹவர். சார்ஜர் சூடாகறதுல கொஞ்சம் வீணாகும். ஒயர்ல வரும்போது கொஞ்சம் போகும். மின் நிலையம் தன்னோட பம்ப், ஃபேனை ஓட்டவே கொஞ்சம் எடுத்துக்கும். எல்லாம் சேர்த்து மின் நிலையத்துல சுமார் 30 வாட் ஹவர் உற்பத்தி பண்ணினாதான் என் போன்ல 100 பர்சென்ட் காட்டும்.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி ஒரு கிலோ எரிச்சா சுமார் 2,600 கிலோ கலோரி வெப்பம். அதுல மூணுல ஒரு பங்குதான் கரன்ட்டா மாறும். அதனால ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட்னு குத்துமதிப்பா வெச்சுக்கலாம். ஆக, ஒரு ஃபுல் சார்ஜுக்கு 30 கிராம். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கனம். அட, இவ்வளவுதானா!

அவசரப்படாதீங்க. நிலக்கரி மேலாப்புல கிடைக்காதே! அதுக்கு மேல இருக்கற மண்ணை அள்ளணும். சுரங்கம் 1-ல ஒரு டன் நிலக்கரிக்கு சுமார் 5.5 கன மீட்டர் மண் எடுக்கறாங்க. அந்தக் கணக்குல என் 30 கிராமுக்கு 165 மில்லி. சரியா ஒரு டம்ளர் மண்!

தினம் ஒரு சார்ஜ் போட்டா வருஷத்துக்கு 11 கிலோ நிலக்கரி, 60 லிட்டர் மண். நாலு வாளி. வீட்டு மீட்டர்ல இது வருஷத்துக்கு ஒன்பது யூனிட்கூட வராது. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். அதனால காசு கணக்குல என் போன் சாப்பிடறது பூஜ்யம். மண்ணு கணக்குல நாலு வாளி.

நம்ம ப்ளக் பாயின்ட்ல வர்ற கரன்ட் முழுக்க நெய்வேலியோடதுதான்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. கிரிட்ல காற்றாலை, சோலார், கல்பாக்கம்னு எல்லாம் கலந்துதான் வருது. ஆனா, நெய்வேலியில உட்கார்ந்துகிட்டு வேற எந்தக் கணக்கைப் போடறது? 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல தண்ணிக்குக் குழாய் இறக்கினப்போ கறுப்பா வந்த பொருள்தான் ஆரம்பம். 1956-ல கம்பெனி, 1957-ல நேரு வந்து சுரங்க வேலை தொடக்கம், 1962-ல கரன்ட். இதெல்லாம் இங்கே ஸ்கூல் பேச்சுப் போட்டியில வர்ற மேட்டர். மண்ணை வெட்டற அந்த ராட்சசச் சக்கரத்தை நெய்வேலி வந்தவங்க பார்த்திருப்பீங்க. பெரிய மிஷின்ல ஒரு பக்கெட்டோட கொள்ளளவு 1,400 லிட்டர். அந்த ஒரே ஒரு அள்ளல் என் போனுக்கு 23 வருஷம் காணும்!

இந்தக் கணக்கை ராத்திரி சாப்பிடும்போது அப்பாகிட்ட பெருமையா சொன்னேன். அப்பா ஒரு கான்ட்ராக்டர்கிட்ட வேலை. சுரங்கத்துல கன்வேயர் பெல்ட் பக்கம் டியூட்டி. பெல்ட்டுலேர்ந்து சிந்தற மண்ணை அள்ளறதுதான் பாதி நாள் வேலை. ‘ஒரு டம்ளரா?’ன்னு கேட்டுட்டு, கையில இருந்த தண்ணி டம்ளரை ஒரு தடவை பார்த்தார். ‘சரியாத்தான் இருக்கும்’னு சொல்லிட்டுக் குடிச்சார். அவ்வளவுதான் ரியாக்‌ஷன்.

டார்ச் லைட் போன்

என் பழைய போனை அப்பாவுக்குக் கொடுக்கறதா ப்ளான். புது பேட்டரி போட்டு, தமிழ்ல செட் பண்ணி, எழுத்தைப் பெருசாக்கி ரெடி பண்ணினேன். அவர் இத்தனை நாளா வெச்சிருந்தது 2009-ல வாங்கின, மண்டையில டார்ச் வெச்ச நோக்கியா. நம்பர் பட்டன் எல்லாம் தேய்ஞ்சு, 5 எங்கே இருக்குனு விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

சிம்மை மாத்தறதுக்காக பேட்டரியைக் கழட்டினா, உள்ளே ஸ்டிக்கர்ல ‘மேட் இன் இந்தியா’. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி 2006-ல ஆரம்பிச்சு ஓகோனு ஓடின காலத்து சரக்கு. சுத்துப்பட்டு கிராமத்துப் பொண்ணுங்க ஆயிரக்கணக்குல வேலை பார்த்த இடம். 2014 நவம்பர் 1-ம் தேதி அதை மூடிட்டாங்க. அப்புறம் சும்மா கிடந்த அந்த இடத்தை, சார்ஜர் செய்யற சால்காம்ப் கம்பெனி எடுக்கப் போறதா 2019-ல அறிவிப்பு வந்துச்சு. ஃபேக்டரி போயிடுச்சு, அங்கே வேலை செஞ்சவங்களும் எங்கெங்கேயோ போயிட்டாங்க, ஆனா போன் மட்டும் எங்க வீட்டுல இன்னும் ‘டொய்ங்’னு அடிச்சுக்கிட்டிருக்கு. ‘நைட் ஷிஃப்ட்டுக்கு இந்த டார்ச்தான் சௌகரியம் பாப்பா’ன்னு அப்பா அதைத் திரும்பப் பாக்கெட்லயே போட்டுக்கிட்டார்.

‘ஏம்ப்பா, இதுல வீடியோ பார்க்கலாம், பாட்டு கேட்கலாம், பணம் அனுப்பலாம்’னு நான் சேல்ஸ் ரெப் மாதிரி அடுக்கினேன். எல்லாத்துக்கும் தலையாட்டினார். அப்புறம் கொஞ்சம் தயங்கி ஒண்ணு கேட்டார்.

‘இதுல ஊரெல்லாம் மேலேர்ந்து தெரியுமாமே... எங்க ஊரு தெரியுமா?’

எங்க ஊருன்னா நாங்க இப்போ இருக்கற மந்தாரக்குப்பம் இல்லை. அப்பா பொறந்த ஊர். அவருக்குப் பதினோரு வயசு இருக்கும்போது, 1986-ல, சுரங்கத்துக்காக மொத்த ஊரும் காலி ஆச்சு. இருபது வருஷமா அந்த வீட்டுல நான் வளர்றேன். அந்த ஊர் பேரை அப்பா வாயால கேட்டது மொத்தமே நாலஞ்சு தடவை இருக்கும்.

தேடினால் கிடைக்காத ஊர்

பழைய போன்ல மேப்பைத் திறந்தேன். சுத்திச் சுத்தி நின்னுடுச்சு. சரினு புது போனை எடுத்தேன். ஊர் பேரை டைப் பண்ணினேன். தமிழ்ல, இங்கிலீஷ்ல, ஸ்பெல்லிங்கை மாத்தி மாத்தி. வேற மாவட்டத்துல அதே பேர்ல ஒரு ஊர் வந்துச்சு. பெட்ரோல் பங்க் வந்துச்சு. அப்பா ஊர் வரலை.

‘பேர் போட்டா வராது. ரயில் ரோட்டைப் புடி’ன்னார் அப்பா. கடலூர்-விருத்தாசலம் ரயில் பாதையைக் கண்டுபிடிச்சேன். ‘அப்படியே கீழே வா... இன்னும் கொஞ்சம்... இரு இரு’ன்னு அவர் சொல்லச் சொல்ல விரலை நகர்த்தினேன். போனைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோறார், தள்ளி வைக்கறார், மறுபடி கிட்ட. அப்போதான் கவனிச்சேன், அவருக்குத் திரையே சரியாத் தெரியலை. ‘என்னப்பா, கண்ணாடி எங்கே?’ன்னேன். உள்ளேர்ந்து அம்மா குரல் வந்துச்சு. ‘கண்ணாடி மாத்தத்தான் மூவாயிரம் எடுத்து வெச்சிருந்தாரு.’

என்ன சொல்றதுனு தெரியலை ஃப்ரெண்ட்ஸ். ‘அது கெடக்குது, நீ ஊரைக் காட்டு’ன்னு அப்பாதான் பேச்சை மாத்தினார்.

கூகுள் எர்த்ல ‘டைம்லாப்ஸ்’னு ஒரு சமாசாரம் இருக்கு. 2021-ல வந்தது. 1984-லேர்ந்து சாட்டிலைட் எடுத்த படங்களை வருஷ வாரியா அடுக்கி, சினிமா மாதிரி ஓட்டிக் காட்டும். மொத்தம் 2 கோடியே 40 லட்சம் படங்களைச் சேர்த்துச் செஞ்சது. நெய்வேலிக்கு வந்து, 1984-ல நிறுத்தினேன். ஒரு சுரங்கம் பெருசா வெளுப்பா தெரிஞ்சது. இன்னொண்ணு அப்போதான் ஆரம்பம். அதுக்குப் பக்கத்துல பச்சை.

‘இதோ... இதுதான்! இங்கேதான்!’ அப்பா விரலை வெச்ச வேகத்துல படம் எங்கேயோ ஓடிடுச்சு. மறுபடி கொண்டுவந்தேன். ‘இன்னும் பெருசாக்கு. வீடு தெரியட்டும்.’

பெருசாக்கினேன். கட்டம் கட்டமா உடைஞ்சுது. காரணம் இதுதான். அந்தக் காலத்து லேண்ட்சாட் சாட்டிலைட் படத்துல ஒரு புள்ளின்னா தரையில 30 மீட்டருக்கு 30 மீட்டர். அப்பா பொறந்த வீடு, மாட்டுக் கொட்டாய், பின்னாடி இருந்த முருங்கை மரம், எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பச்சைப் புள்ளி. என் போன்ல 50 மெகா பிக்ஸல் இருந்து என்ன பண்றது? 1984-ல மேலே சுத்தின கேமராவுக்கு வீடெல்லாம் தெரியாது. எங்க அப்பாவோட ஊருக்குக் கிடைச்சதே மொத்தம் சில நூறு புள்ளிதான்.

‘பரவால்ல, ஓட்டு’ன்னார். ஓட்டினேன். 85, 86, 87... வெளுப்பு நகர்ந்து நகர்ந்து வந்து அந்தப் பச்சையை மூடிச்சு. அப்பா மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. நான் நிறுத்தப் போனேன். ‘நிறுத்தாத’ன்னார். 95, 2000, 2005... வெளுப்பு அங்கேயே நிற்கலை. தாண்டிப் போயிடுச்சு. அது போன இடத்துல கொஞ்சம் கொஞ்சமா மறுபடியும் பச்சை!

எனக்கு ஒண்ணும் புரியலை. அப்பாதான் விளக்கினார். நெய்வேலி சுரங்கம் ஒரே இடத்துல ஆழமாகிட்டே போற கிணறு இல்லை. நகர்ற பள்ளம். முன்பக்கம் சக்கர மிஷின் மண்ணை வெட்டும். அந்த மண் பெல்ட்ல ஏறிப் பின்பக்கம் போகும். அங்கே ‘ஸ்பிரெட்டர்’னு ஒரு மிஷின், கரி எடுத்து முடிச்ச பள்ளத்துல அதைக் கொட்டி மூடும். அது மேல மரம் நடுவாங்க. இருபது வருஷமா நெய்வேலியில இருக்கேன், ட்ரிபிள் ஈ வேற படிக்கறேன். இது எனக்கு இப்போதான் உறைச்சுது.

‘அப்போ நம்ம ஊர் இருந்த இடம் இப்போ தோப்பாப்பா?’

‘இடம் அதேதான் பாப்பா. மண்ணு வேற. நம்ம மண்ணு எங்கே கொட்டிக் கெடக்குதோ!’

என்னோட ஒரு டம்ளர் கணக்கு எனக்கு ஞாபகம் வந்துச்சு. நல்லவேளை, அப்பா அதைப் பத்தி எதுவும் சொல்லலை.

அத்தை என்ட்ரி!

மறுநாள் சாயந்தரம் வீட்டுல கூட்டம். அடுத்த தெருவுல இருக்கற அப்பாவோட அக்கா, அதாவது என் அத்தை, செய்தி கேட்டு வந்துட்டாங்க. கூடவே அதே ஊர்க்காரர் ஒரு தாத்தா. எல்லார் கண்ணும் என் போன் மேல. ஒரு வாரமா யாரும் தொடக்கூடாதுனு நான் காப்பாத்தின போன்ல மூணு பேரோட விரல் ரேகை, கொஞ்சம் வெத்தலைப் பாக்கு வாசனை வேற!

அத்தையோட கண்ணாடி ஒண்ணே ஒண்ணு. அதை அத்தை, அப்பா ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாங்க.

‘புளிய மரம் ஏரிக்கரையிலதானக்கா இருந்துச்சு?’ன்னார் அப்பா.

‘போடா தம்பி, உனக்கு என்ன தெரியும்? அது மாரியம்மன் கோயில் பின்னால. ஏரிக்கரையில இருந்தது இலுப்பை. நீ அப்ப மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச பய.’

அப்பாவை ‘பய’ன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஊர் காலி ஆனப்போ அத்தைக்குப் பதினேழு வயசு. அவங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம். எந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகும், எதுல வேகாது, யார் வீட்டுத் திண்ணையில ரேடியோ இருந்துச்சு... தாத்தா வேற ஒரு மேப்பைச் சொன்னார். ரெண்டு பேருக்கும் கோயில் வாசல் கிழக்கா, வடக்கானு அரை மணி நேரம் சண்டை.

போன்ல வரைஞ்சு காட்டலாம்னு ஒரு ஆப்பைத் திறந்தேன். மூணு பேருக்கும் சரிப்பட்டு வரலை. அப்பா சுத்திமுத்தி பார்த்தார். புது போன் வந்த அட்டைப் பெட்டி கண்ணுல பட்டுச்சு. அதைக் கிழிச்சு, விரிச்சு, உள்பக்க வெள்ளையில என் பேனாவால வரைய ஆரம்பிச்சார். ‘அப்பா! பாக்ஸ் இருந்தாதான் திருப்பி விற்கும்போது நல்ல விலை’னு கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கிட்டேன்.

ஏரி. இலுப்பை. கோயில் (வாசல் கிழக்கு, அத்தை ஜெயிச்சாங்க). ரெண்டு தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள்ள பேர். சில கட்டத்துல பேர் எழுதிட்டு, அத்தை ‘அவரும் போயிட்டாரு’ன்னு சொன்னாங்க. மூணு கட்டம் மட்டும் யார் வீடுனு யாருக்கும் ஞாபகம் வரலை. ‘பெரியப்பா இருந்திருந்தா சொல்லியிருப்பாரு’ன்னு அப்பா அதை வெறுமனே விட்டுட்டார்.

ஒன்பது மணிக்கு வரைஞ்சு முடிச்சாங்க. கேமராவை முதல் தடவையா முழு 50 மெகா பிக்ஸலுக்கு மாத்தி, அந்த அட்டையைப் படம் எடுத்தேன். அத்தை பேசினதை ரெக்கார்டும் பண்ணிக்கிட்டேன், ஒண்ணே முக்கால் மணி நேரம். ரெண்டையும் குடும்ப குரூப்ல போட்டேன். குட்மார்னிங் ரோஜாப்பூ மட்டுமே வர்ற குரூப் அது. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மெசேஜ். திருப்பூர்ல இருக்கற ஒரு சித்தப்பா, அந்தக் காலி கட்டத்துல ஒண்ணு அவரோட மாமியார் வீடுனு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பாக்கி ரெண்டு இருக்கு.

இதைக் கதை மாதிரி சொல்றேனே தவிர, கதை இன்னும் முடியலை ஃப்ரெண்ட்ஸ். 2023 ஜூலையில வளையமாதேவியில, வளர்ந்து நின்ன நெற்பயிருக்கு நடுவுல மண் அள்ளற மிஷின் போன வீடியோ உங்க எல்லார் போனுக்கும் வந்திருக்கும். சுரங்கத்துக்காக பரவனாற்றைத் திருப்பி விடற வாய்க்கால் வேலை அது. அப்போ நானும் அதைப் பார்த்தேன். ஒரு சோக ஸ்மைலி போட்டேன். அடுத்த வீடியோவுக்குத் தள்ளிட்டேன். எங்க அப்பாகிட்ட அதைக் காட்டணும்னுகூட எனக்குத் தோணலை.

தீர்ப்பு

சரி, போன் எப்படி? எடிட்டர் கேட்டதுக்குப் பதில் சொல்லணுமே! டிஸ்ப்ளே பத்துக்கு எட்டு. பேட்டரி ஒன்பது. கேமரா பகல்ல ஏழு, ராத்திரி அஞ்சு. ஸ்பீக்கர் ஆறு, அத்தை குரலுக்கு மட்டும் பத்து. இந்தப் பட்ஜெட்ல தாராளமா வாங்கலாம். தேவையில்லாத ஆப்களை முதல் நாளே தூக்கிடுங்க. ஐ.பி.54-ஐ நம்பி மழையில நடனம் ஆடாதீங்க. பாக்ஸை மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்கனு சொல்ல எனக்கு இப்போ தகுதி இல்லை!

இந்த மாச டியூஷன் ஃபீஸ் வந்ததும் அப்பாவைக் கூட்டிக்கிட்டு கண்ணாடிக் கடைக்குப் போறேன். 1,200-ல ஃப்ரேம் சுமாராத்தான் கிடைக்கும். மீதிக்குத் தவணை பேசிப் பார்க்கணும். ‘எனக்கு அக்கா கண்ணாடியே போதும்’னு ஏற்கெனவே முரண்டு பிடிக்க ஆரம்பிச்சிட்டார். விட மாட்டோம்ல!

உங்களுக்கு ஒரு வேலை. இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுப் பெரியவங்க கையில உங்க போனைக் கொடுத்து, ‘இதுல என்ன தேடட்டும்?’னு கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்தி ஓரமா வெச்சிடுங்க. ஒரு மணி நேரம் பேசினாலும் நூறு எம்.பி.கூட ஆகாது. நாம அதைவிடப் பெரிய சைஸ்ல குப்பை சேர்த்து வெச்சிருக்கோம்.

அடுத்த வாரம், லேப் எக்ஸ்டர்னல்கிட்ட மாட்டாம தப்பிக்கறது எப்படினு பார்க்கலாமா? போன்ல 8 பர்சென்ட்தான் இருக்கு. சார்ஜ் போடணும். ஒரு டம்ளர்... வர்ட்டா!